நாலு பேர் பார்க்கும் வீடு

(மட்டாஞ்சேரியில் நடைபெற்ற அங்கத்தினர் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என்னைப் பேசச் சொன்னபோது கர்மயோகத்தைப் பற்றியோ, வயதானவர்களின் ஆரோக்கியத்தைப் பற்றியோ பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். நான் கொடுத்த தலைப்பு 'பிக் பாஸ்'. டெலிபோனில் செயலாளர் இரண்டு முறை கேட்டு ஊர்ஜிதம் செய்துகொண்டார். இங்கேயும் சிலர் முகம் சுளிப்பது மேடையிலிருந்து தெரிகிறது. அந்த நிகழ்ச்சியைப் பார்க்காதவர்கள் கையைத் தூக்குங்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. இத்தனை பேரைப் பொய் சொல்ல வைத்த பாவம் எனக்கு வேண்டாம்.

நான் பி.எஸ்ஸி. பௌதிகம் படித்தவன். உத்தியோகம் பார்த்தது பத்திரப் பதிவுத் துறையில். நில ஆதாரமும் பாகப் பத்திரமும் எழுதிப் பதிவு செய்ய வருகிறவர்கள் ஒரு பக்கம், கல்யாணம் பதிவு செய்ய வருகிறவர்கள் இன்னொரு பக்கம். குடும்பம் ஒன்று சேருவதையும் பிரிவதையும் ஒரே மேஜையில் உட்கார்ந்து முப்பது வருஷம் பார்த்தவன் என்ற முறையில்தான் இந்தத் தலைப்பை எடுத்துக்கொண்டேன்.

முதலில், தெரியாதவர்களுக்காக, விஷயம் என்ன என்று சொல்லிவிடுகிறேன். முன்பின் தெரியாத பதினைந்து இருபது பேரை ஒரு வீட்டுக்குள் நூறு நாள் வைத்துப் பூட்டுகிறார்கள். டெலிபோன், செய்தித்தாள், கடிகாரம் எதுவும் கிடையாது. எந்த மூலையில் நின்றாலும் காமிரா. 1999-ல் நெதர்லாந்தில் 'பிக் பிரதர்' என்ற பெயரில் இது ஆரம்பித்தது. ஜார்ஜ் ஆர்வெல் என்ற ஆங்கில எழுத்தாளர் 1949-ல் எழுதிய நாவலில் எல்லோரையும் எப்போதும் கண்காணிக்கும் ஒரு தலைவனுக்கு அந்தப் பெயர். அவர் பயமுறுத்துவதற்காக எழுதியதை இவர்கள் பொழுதுபோக்காக ஆக்கிவிட்டார்கள். 2006-ல் ஹிந்தியில் 'பிக் பாஸ்' வந்தது. 2017-ல் கமல்ஹாசன் தொகுத்து வழங்கத் தமிழில் வந்தது. 2018 ஜூன் மாதம் மோகன்லாலுடன் மலையாளத்தில் வந்தது.

பௌதிக லாபரட்டரியில் எங்கள் ஆசிரியர் ஒரு விஷயம் சொல்லிக் கொடுத்தார். சின்னக் கிண்ணத்தில் கொஞ்சம் வெந்நீரை வைத்து அதில் பெரிய தெர்மாமீட்டரை விட்டால், தெர்மாமீட்டரே அந்த நீரின் சூட்டில் கொஞ்சத்தை எடுத்துக்கொண்டுவிடும். அப்புறம் நீங்கள் படிக்கும் அளவு பழைய வெந்நீரின் அளவு அல்ல. அளக்கப் போன கருவியே அளக்கப்படும் பொருளை மாற்றிவிடுகிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இனி நான் சொல்லப்போகும் மூன்று கதைகளுக்கும் இது பொருந்தும்.

முதல் கதை நம் பக்கத்து ஊர்க் கதை. மலையாளத்தின் முதல் சீஸனில், 2018-ல், ஆலுவாக்காரப் பெண் பேர்ளி மாணியும், பாலக்காட்டைச் சேர்ந்த நடிகர் ஸ்ரீநிஷ் அரவிந்தும் அந்த வீட்டுக்குள் சந்தித்தார்கள். அவள் கிறிஸ்தவப் பெண், இவர் ஹிந்து. பழக்கம் பிரியமாயிற்று. மணந்துகொள்ள விரும்புவதாக மோகன்லாலிடமே சொன்னார்கள். வெளியே பார்த்துக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேர் இது ஓட்டுக்காகப் போடும் வேஷம் என்றார்கள். அந்த செப்டம்பர் கடைசியில் நிகழ்ச்சி முடிந்தது. காமிராக்களைக் கழற்றிக்கொண்டு போன பிறகுதான் உண்மையான வேலை ஆரம்பித்திருக்க வேண்டும். இரண்டு வீட்டுப் பெரியவர்களும் பேசி, 2019 மே மாதம் முதலில் கிறிஸ்தவ முறைப்படியும், சில நாள் கழித்துப் பாலக்காட்டில் ஹிந்து முறைப்படியும் விவாகம் நடந்தது. இப்போது இரண்டு பெண் குழந்தைகள். வேஷம் என்று பந்தயம் கட்டினவர்கள் தோற்றுப் போனார்கள்.

இரண்டாவது கதை தமிழ் மூன்றாவது சீஸன், 2019. இலங்கையில் செய்தி வாசிப்பாளராக இருந்த லொஸ்லியா என்ற பெண்ணுக்கும் நடிகர் கவினுக்கும் இடையே அந்த வீட்டுக்குள் நெருக்கம் ஏற்பட்டது. அந்த நிகழ்ச்சியில் ஒரு வழக்கம் உண்டு. 'ஃப்ரீஸ்' என்று உத்தரவு வந்தால் எல்லோரும் சிலை மாதிரி நிற்க வேண்டும். அப்போது குடும்பத்தாரை உள்ளே அனுப்புவார்கள். கனடாவிலிருந்த அவள் தகப்பனார் வந்தார். மகளை நேரில் பார்த்துப் பத்து வருஷம் ஆகியிருந்தது. அவள் கதறி அழுதாள். அவரோ, உன்னை இப்படியா வளர்த்தேன் என்ற அர்த்தத்தில் கோபமாகப் பேசினார். தமிழ் பேசும் உலகம் முழுவதும் அதைப் பார்த்தது. சிலர் அப்பா என்றால் இப்படி இருக்க வேண்டும் என்றார்கள். சிலர் இவ்வளவு கல்நெஞ்சமா என்றார்கள்.

எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை, பரிதாபம்தான் வந்தது. பத்து வருஷம் கழித்து மகளைப் பார்க்கும் தகப்பன் முதலில் கேட்க நினைப்பது, சாப்பிட்டாயா, ஏன் இளைத்திருக்கிறாய் என்பதாகத்தான் இருக்கும். ஆனால் அவர் அந்த அறைக்குள் தனியாக வரவில்லை. ஊர், உறவு, சிநேகிதர்கள், முன்பின் தெரியாத லட்சக்கணக்கான பேர் எல்லோரையும் தோளில் சுமந்துகொண்டு வந்தார். அவர் பதில் சொல்ல வேண்டியிருந்தது மகளுக்கு அல்ல, அவர்களுக்கு. அடுத்த வருஷம், 2020 நவம்பரில், அவர் கனடாவில் காலமாகிவிட்டார். அவர்களுக்குள் பிறகு என்ன பேச்சு நடந்ததோ அது அவர்கள் குடும்பத்துக்கு மட்டும் சொந்தம். உலகத்துக்கு மிச்சமிருப்பது அந்தக் கோபக் காட்சி ஒன்றுதான். தெர்மாமீட்டர் காட்டிய அளவு அது, வெந்நீரின் உண்மையான சூடு அல்ல.

மூன்றாவது கதையைச் சொல்ல எனக்கே கொஞ்சம் தயக்கம் இருந்தது. ஆனாலும் சொல்கிறேன். 2025 ஆகஸ்டில் ஆரம்பித்த மலையாளம் ஏழாவது சீஸனில் ஆதிலா, நூரா என்று இரண்டு பெண்கள் ஒரே போட்டியாளராகச் சேர்ந்து உள்ளே வந்தார்கள். இவர்களை நம்மில் பலருக்கு முன்னமே தெரியும். சவூதியில் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது பழகியவர்கள். சேர்ந்து வாழ்வோம் என்று சொன்னபோது இரண்டு குடும்பமும் எதிர்த்தது. நூராவை அவள் குடும்பத்தார் அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஆதிலா ஹேபியஸ் கார்ப்பஸ் மனு போட்டாள். இங்கிருந்து காயலைத் தாண்டினால் எறணாகுளத்தில் நம் உயர் நீதிமன்றம் இருக்கிறது. 2022 மே 31-ஆம் தேதி அது இரண்டு பேரையும் சேர்ந்து வாழ அனுமதித்தது. இருவரும் வயது வந்தவர்கள், விரும்பிய இடத்தில் விரும்பியவரோடு இருக்கலாம் என்பதுதான் அதன் சாரம்.

சட்டம் அந்த அளவோடு நிற்கிறது. 2018 செப்டம்பர் 6-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் இப்படிப்பட்ட உறவு குற்றமல்ல என்று சொல்லிவிட்டது. 2023 அக்டோபர் 17-ஆம் தேதி, இதை விவாகமாக அங்கீகரிப்பது பார்லிமெண்டின் வேலை, எங்கள் வேலை அல்ல என்றும் சொல்லிவிட்டது. இன்றைக்கு நான் அந்தப் பழைய நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும் அவர்கள் விண்ணப்பத்தை வாங்கிப் பதிவு செய்ய முடியாது.

பிக் பாஸ் வீட்டுக்குள் ஒரு நாள் சக போட்டியாளர் ஒருவர், இவர்களை எல்லாம் என் வீட்டுக்குள் ஏற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டார். வாரக் கடைசியில் மோகன்லால் வந்தார். அதைக் கண்டித்தார். என் வீட்டுக்குள் நான் ஏற்றுவேன் என்று சொன்னார். கேரளம் முழுக்க அதைப் பற்றித்தான் பேச்சு. பாராட்டினவர்களும் உண்டு, ஏசினவர்களும் உண்டு. நான் கவனித்தது வேறு. சட்டம் என்ன, சாஸ்திரம் என்ன, இயற்கை என்ன என்று எத்தனையோ வாதம் செய்திருக்கலாம். கடைசியில் கேள்வி வந்து நின்ற இடம் வீட்டு வாசல்படி. உள்ளே விடுவாயா, மாட்டாயா? கோர்ட் சேர்ந்து வாழ அனுமதி கொடுக்கலாம். எந்தக் கோர்ட்டாலும் ஒரு அம்மாவை, வா, உட்கார், காப்பி சாப்பிடு என்று சொல்ல வைக்க முடியாது.

இந்த மூன்று கதையிலும் உள்ள காமிரா நமக்குப் புதிதல்ல என்று சொல்லத்தான் இவ்வளவும் சொன்னேன். நம் பாஷையில் அதற்குப் பழைய பேர் ஒன்று இருக்கிறது. 'நாலு பேர்'. நாலு பேர் என்ன சொல்லுவா? நாலு பேர் முன்னாலே எப்படித் தலைநிமிர்ந்து நடக்கறது? அந்த நாலு பேர் யார் என்று இன்று வரை யாரும் பெயர் சொன்னதில்லை.

நம் பெரியவர்கள் வாழ்ந்த அக்ரஹாரத்தை நினைத்துப் பாருங்கள். சுவரோடு சுவர் ஒட்டின வீடு. வாசலில் திண்ணை. இந்த வீட்டில் தாளித்தால் அந்த வீட்டில் தும்மல். யார் வந்தார், யார் போனார், எந்த வீட்டில் ராத்திரி விளக்கு எரிந்தது எல்லாம் திண்ணைக்குத் தெரியும். அதனால் கிடைத்த நன்மைகளை நான் மறுக்கவில்லை. ஒரு வீட்டில் காரியம் என்றால் தெருவே வந்து நிற்கும். ஆனால் அந்த வீடுகளில் ஒரு பெண்ணோ பிள்ளையோ வழக்கத்துக்கு மாறாக ஒன்று சொன்னால், தகப்பனார் பதில் சொல்லியது குழந்தைக்கு அல்ல, திண்ணைக்குத்தான். இப்போது திண்ணை போய்விட்டது. அதன் இடத்தில் வாட்ஸ்அப் குரூப் வந்திருக்கிறது.

என் உத்தியோக அனுபவம் ஒன்று சொல்கிறேன். 1954-ஆம் வருஷத்து ஸ்பெஷல் மேரேஜ் ஆக்ட்டின்படி மதம், ஜாதி வித்தியாசமில்லாமல் மணந்துகொள்ளலாம். நம் கேரளத்தில் சப்-ரிஜிஸ்டிரார்தான் மேரேஜ் ஆபீஸர். ஆனால் முதலில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அதை ஆபீஸில் எல்லோரும் பார்க்கும்படி ஒட்ட வேண்டும். முப்பது நாளுக்குள் யாராவது ஆட்சேபம் சொல்லலாம். அப்புறம் மூன்று சாட்சிகளோடு விவாகம்.

ஒரு ஆபீஸில் நான் இருந்தபோது நடுவயதுக்காரர் ஒருவர் மூன்று நாள் தொடர்ந்து வந்து நோட்டீஸ் பலகை முன்னால் நின்றார். நான்காவது நாள் உள்ளே அழைத்து உட்காரச் சொன்னேன். அது அவர் மகளின் நோட்டீஸ். ஆட்சேபம் எழுதிக் கொடுக்கப் போகிறாரா என்று கேட்டேன். சட்டம் அனுமதிக்கும் ஆட்சேபங்கள் வெகு சில. வயது பூர்த்தியாகாமை, முந்தைய விவாகம் நிலுவையில் இருப்பது, தடைசெய்யப்பட்ட உறவுமுறை, சித்தப் பிரமை மாதிரி. ஜாதி வேறு என்பது அதில் கிடையாது. அவர் சொன்னது இவ்வளவுதான்: "சார், ஆட்சேபம் ஒண்ணும் இல்லை. வேறே யார் யார் வந்து இதைப் படிக்கறான்னு பார்க்கறேன்." அந்தக் காகிதத்தில் அவர் மகள் பெயரை அவர் படிக்கவேயில்லை. படிக்கிறவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கதவைச் சாத்தி அரைமணி நேரம் பேசிக்கொண்டிருந்தேன். யாரும் இல்லாத அறையில் அவர் கேட்ட ஒரே கேள்வி, அந்தப் பையன் நல்லவனா என்பது. முப்பதாவது நாள் கழித்துச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களில் அவரும் ஒருவர்.

பிற்பாடு, நான் ஓய்வு பெற்று வெகுகாலம் கழித்து, இந்த நோட்டீஸ்களைத் துறையின் இணையதளத்தில் போட ஆரம்பித்தார்கள். யார் யாரோ அவற்றை எடுத்து, படத்தோடும் விலாசத்தோடும் ஊரெல்லாம் பரப்பினார்கள். புகார் வந்து, 2020 ஜூலையில் கேரள அரசு இணையத்தில் போடுவதை நிறுத்திவிட்டது. ஆபீஸ் பலகையில் ஒட்டுவது மட்டும் தொடர்ந்தது. நாலு பேர் நாலாயிரம் பேரானால் என்ன ஆகும் என்பதற்கு அது ஒரு சாட்சி.

இனி, இந்த மட்டாஞ்சேரி மண்ணைப் பற்றி. நாம் கூடியிருக்கும் இந்த ஊரில் கொங்கணியும், குஜராத்தியும், கச்சியும், தமிழும், மலையாளமும் தெருவுக்குத் தெரு கேட்கும். நம் தமிழ்க் குடும்பங்களும் இங்கே வந்து குடியேறினவர்கள்தான். டச்சு அரண்மனைக்குப் பக்கத்தில் யூதத் தெரு. அங்கே 1568-ல் கட்டிய பரதேசி யூத ஜெபாலயம். வெளியூர் விருந்தாளி வந்தால் நாம் எல்லோரும் அழைத்துக்கொண்டு போய்க் காட்டும் இடம்.

அந்த ஜெபாலயத்துக்குள் ஒரு வழக்கு இருந்தது. வெள்ளை யூதர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொண்டவர்கள் பெஞ்சில் உட்காருவார்கள். அடிமைகளாயிருந்து விடுவிக்கப்பட்டவர்களின் சந்ததியார் அதே வேதம் படித்தாலும் உள்ளே சமமாக உட்கார முடியாது. அந்தப் பிரிவில் 1882-ல் பிறந்தவர் ஏ.பி. சேலம். சட்டம் படித்து வக்கீலானார். காந்திஜியின் வழியில் ஜெபாலயத்துக்குள்ளேயே சத்தியாக்கிரகம் செய்து அந்த வேற்றுமையைத் தகர்த்தார். யூத காந்தி என்றே அவருக்குப் பெயர். உட்காரும் இடம் கிடைத்த பிறகும் சம்பந்தம் மட்டும் கிடைக்கவில்லை. அவர் மகன் ஒரு வெள்ளை யூதக் குடும்பத்துப் பெண்ணை விரும்பியபோது ஊர் ஒப்புக்கொள்ளவில்லை. அவர்கள் பம்பாய் போய்த்தான் விவாகம் செய்துகொள்ள வேண்டியிருந்தது. ஒரே தெரு, ஒரே தெய்வம், ஒரே வேதம். அப்படியும் பம்பாய் போக வேண்டியிருந்தது.

அப்புறம் என்ன ஆயிற்று? பெரும்பாலோர் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள். 2024 ஆகஸ்டில் குவீனி ஹலேக்வா அம்மையார் தம் 89-ஆம் வயதில் காலமானார். யூத முறைப்படி கூட்டுப் பிரார்த்தனைக்குப் பத்து ஆண்கள் வேண்டும். அந்தப் பத்துப் பேர் இந்த ஊரில் இல்லாமல் போய்ப் பல வருஷம் ஆகிறது. யார் எந்தப் பெஞ்சில் உட்காரலாம் என்று தலைமுறை தலைமுறையாக வழக்காடின இடத்தில், இன்று யார் வேண்டுமானாலும் டிக்கெட் வாங்கிக்கொண்டு போய்ப் பெஞ்சுகளைப் பார்க்கலாம். வாசல் அடைத்ததால்தான் அவர்கள் போனார்கள் என்று நான் சொல்லவில்லை. போனதற்கு வேறு காரணங்கள் உண்டு. ஆனால் அன்று யாருக்காகப் பயந்து வாசலை அடைத்தார்களோ, அந்த நாலு பேரும் இன்று இல்லை.

நம் சமூகமும் சின்னதுதான். நம் குழந்தைகள் எங்கே இருக்கிறார்கள்? பெங்களூரு, புனே, ஹைதராபாத், டொரண்டோ. ஒரு ஃப்ளாட்டில் நாலு பேர் வாடகையைப் பங்கு போட்டுக்கொண்டு இருக்கிறார்கள். 'ரூம்மேட்' என்ற வார்த்தை நம் வீடுகளில் இப்போது அத்தை, சித்தி மாதிரி சகஜமாகிவிட்டது. காமிரா இல்லாத பிக் பாஸ் வீடுதான் அது. பால் பாக்கெட் யார் வாங்குவது என்று சண்டை வரும். காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துக் கொடுப்பதும் அந்த ரூம்மேட்தான். அப்படி வாழும்போது பிரியங்களும் வரும். பெரும்பாலும் நமக்குக் கடைசியில்தான் தெரியும்.

என் அண்ணாவின் பேத்தி பெங்களூரில் அப்படித்தான் இருக்கிறாள். போன ஓணத்துக்கு வந்திருந்தபோது, எல்லோரும் டி.வி. பார்த்துவிட்டுப் படுக்கப் போன பிறகு என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "தாத்தா, நான் யாரையாவது ஆத்துக்கு அழைச்சுண்டு வந்தா உள்ளே விடுவேளா?" என்று கேட்டாள். யாரை என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. "வாசல்லே நிக்க வெச்சுப் பேசற வழக்கம் நம்மாத்திலே கிடையாது" என்று சொன்னேன். அவள் எழுந்து போய்ப் படுத்துத் தூங்கினாள். இன்னும் யாரையும் அழைத்து வரவில்லை. எப்போது வந்தாலும் என் பதில் அதுதான்.

ஆசாரம் என்ன ஆவது என்று பின்வரிசையில் யாரோ மனதுக்குள் கேட்பது எனக்குக் கேட்கிறது. நியாயமான கேள்வி. நான் சாஸ்திரிகள் அல்ல. எந்த விவாகத்துக்கு மந்திரம் உண்டு, எதற்கு இல்லை என்று வாத்தியார்களைக் கேளுங்கள். நான் பேசுவது மணையைப் பற்றி அல்ல, வாசல்படியைப் பற்றி. சம்மதம் வேறு, வாசல் வேறு. குழந்தை தேர்ந்தெடுத்ததை நீங்கள் ஒப்புக்கொள்ளாமல் இருக்கலாம். அது உங்கள் உரிமை. ஆனால் ஒப்புக்கொள்ளாத விஷயத்தைப் பேசவே குழந்தை உள்ளே வந்தாக வேண்டுமே! வாசலை அடைத்துவிட்டு யாருக்குப் புத்தி சொல்வது?

அனுபவத்தில் கண்ட மூன்று விஷயங்களைச் சொல்லி முடிக்கிறேன்.

ஒன்று, முதல் பேச்சில் மூன்றாம் மனிதர் வேண்டாம். அத்தை வேண்டாம், அத்திம்பேர் வேண்டாம், ஸ்பீக்கரில் போட்ட டெலிபோன் கண்டிப்பாக வேண்டாம். இது குழந்தைகளுக்கும் சேர்த்துத்தான். அப்பா அம்மாவுக்குச் சொல்ல வேண்டியதைப் படமாகப் போட்டு உலகத்துக்கு முதலில் சொல்லாதீர்கள். நாலு பேர் முன்னால் மாட்டிக்கொண்ட அப்பா உங்கள் அப்பாவாகப் பேச மாட்டார், நாலு பேரின் பிரதிநிதியாகத்தான் பேசுவார்.

இரண்டு, முதல் நாளே கடைசி வார்த்தையைச் சொல்லாதீர்கள். கண்ணாடித் தொழிற்சாலையில் சூடான கண்ணாடியைச் சட்டென்று ஆறவிட்டால் உள்ளே இறுக்கம் தங்கி, என்றாவது ஒரு நாள் விரிசல் விடும். அதனால் உலையிலேயே வைத்து மெதுவாக ஆறவிடுவார்கள். சட்டமே ஒரு விவாகத்துக்கு முப்பது நாள் அவகாசம் வைத்திருக்கிறது. தகப்பனும் தனக்கு முப்பது நாள் கொடுத்துக்கொள்ளலாம். இனிமேல் இந்தப் படி ஏறாதே என்று சொல்ல ஒரு விநாடி போதும். திரும்ப ஏறச் சொல்ல இருபது வருஷம் ஆன குடும்பங்களை என் மேஜைக்கு எதிரே பாகப் பத்திரத்தோடு பார்த்திருக்கிறேன்.

மூன்று, குழந்தையோடு வருபவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, சாப்பிட்டாயா என்று கேளுங்கள். ஜாதி, மதம், ஆணா பெண்ணா என்ற விசாரணை எல்லாம் அதற்குப் பிறகு இருக்கட்டும். அதிதி என்று நம் வீடுகளில் யாரோ ஒரு வழிப்போக்கனுக்குக் கொடுத்த மரியாதை அது. சொந்தப் பேத்தி அழைத்து வருகிறவருக்கு அதில் குறைக்க வேண்டாம்.

 வெளியூர்க் கிளைகளிலிருந்து வந்தவர்கள் எல்லோரும் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று செயலாளர் அறிவிக்கச் சொன்னார்.